விசாரணை என்று கூட்டிப்போய் அடித்தார்கள், வழக்கும் இல்லை, ரசீதும் இல்லை. இனி என்ன செய்வது?

வெண்ணாற்றுக்காரன் எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது, அதற்கு மேல் அடையாளம் சொல்ல இப்போதைக்குத் தைரியம் இல்லை. என் மச்சினன் (மனைவியின் தம்பி) கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். குறுவை நடவிலிருந்தே எங்கள் பக்கம் போர்செட்டுகளில் கேபிள் வெட்டு நடக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டகையில் புகுந்து ஒயரை வெட்டி, வாய்க்கால் ஓரமாக எரித்து, காப்பரை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கடைசியாகக் கட்சி செல்வாக்கு உள்ள ஒருவருடைய போரில் கை வைத்துவிட்டார்கள், அதிலிருந்து ஸ்டேஷனுக்கு நெருக்கடி போலிருக்கிறது. காயில் கட்டுகிறவன் கடையில் பழைய காப்பர் இருக்கத்தானே செய்யும். அதைப் பார்த்துவிட்டு இவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை, சட்டைகூட மாட்டவிடாமல், சீருடை இல்லாத இரண்டு பேர் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். எங்கே என்று கேட்டதற்கு "விசாரணை, காலையில் வந்துவிடுவான்" என்றார்கள். மறுநாள் சாயங்காலம்தான் விட்டார்கள். உள்ளங்காலில் லத்தியால் அடித்திருக்கிறார்கள், முதுகில் வரிவரியாக இருக்கிறது, இடது கை மணிக்கட்டு வீங்கிப்போய்விட்டது. "எந்தக் கடையில் போட்டாய், கூட யார்" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். போகும்போது வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வழக்கும் இல்லை, சி.எஸ்.ஆர். ரசீதும் (புகாரைப் பதிவு செய்ததற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) இல்லை. போனும் வண்டியும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. இப்போது மாமனாரையும் (வயது 64) வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

ஊரில் ஒரு பெரிய மனிதர் வந்து, "பெரிசு பண்ணாதீங்க, போனையும் வண்டியையும் நான் வாங்கித் தருகிறேன், அதோடு விட்டுவிடுங்கள்" என்கிறார். மாமியாரும் அதையேதான் சொல்கிறார். மருத்துவமனைக்கு இன்னும் போகவில்லை, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். யாரிடம் புகார் கொடுப்பது, கொடுத்தால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

நான் வக்கீல், டெல்டா மாவட்டக் கோர்ட்டுகளில் கிரிமினல் பக்கம் பார்க்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்ததும் அவரை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தனியார் கிளினிக் வேண்டாம். அரசு மருத்துவமனையில்தான் அடிதடிக் காயம் என்றால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் போடுவார்கள், ஏ.ஆர். என்பது அதுதான். எங்கே, எப்போது, யார், எதனால் அடித்தார்கள் என்று டியூட்டி டாக்டர் கேட்பார். "காவல் நிலையத்தில் போலீசார் லத்தியால் அடித்தார்கள்" என்று அப்படியே சொல்லச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன், வண்டியில் போய் விழுந்தேன் என்று பயத்தில் ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட்டிலும் அந்த வரியைத்தான் முதலில் படித்துக் காட்டுவார்கள். மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே கேளுங்கள். முதுகு வரிகள் நாளாக நாளாக மங்கிவிடும், முகத்தோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள், வெறும் முதுகை மட்டும் எடுத்தால் யார் முதுகு என்று கேட்பார்கள்.

பலபேர் முதலில் மனு எழுதுகிறார்கள், மருத்துவமனைக்கு நாலு நாள் கழித்துப் போகிறார்கள். என்னிடம் வந்து தோற்றுப்போன கேஸ்களில் பாதி அங்கேதான் தோற்றது.

அடுத்தது கேமரா. எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், நடைபாதை, இன்ஸ்பெக்டர் அறை உட்பட சி.சி.டி.வி. இருக்க வேண்டும், ஒலியோடு பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதே வருடம் ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட அப்பாவும் மகனும் இறந்தபோது விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் என்ன கண்டார்? ஹார்ட் டிஸ்கில் ஒரு டி.பி. இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள். அதனால் எஸ்.பி.க்குக் கொடுக்கும் மனுவில் தேதி, நேரம் குறிப்பிட்டு, "இந்த நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வைக்கவும்" என்று தனி வரியாக எழுதுங்கள். அதற்கு அப்புறமும் பதிவு காணாமல் போனால், போனதே அவர்களுக்கு எதிராகப் பேசும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த நாளின் பொது நாட்குறிப்பு (ஸ்டேஷனில் அன்றன்று நடப்பதை எழுதும் புத்தகம்) நகலையும் கேளுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். தர மறுப்பார்கள், மறுத்து எழுதும் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

மனுவை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். நகல் தஞ்சாவூர் சரக டி.ஐ.ஜி.க்கும் கலெக்டருக்கும் போகட்டும். கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் "வைத்துவிட்டுப் போ" என்பார்கள், ரசீது வராது. எஸ்.பி. அதை ஒரு டி.எஸ்.பி.யிடம் விசாரிக்கத் தள்ளிவிடுவார், அவர் கூப்பிட்டால் போங்கள், ஆனால் வாய்மொழியாக எதுவும் வேண்டாம், எழுதி எடுத்துப்போய்க் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

எஸ்.பி. எதுவும் செய்யாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். போலீசை விசாரிக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடும் பிரிவு, பழைய சட்டத்தில் 156(3) என்று எல்லோருக்கும் பழகிப்போனது, 2024 ஜூலை முதல் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 175(3) ஆகிவிட்டது. அதோடு 175(4) என்று புதிதாக ஒன்று நுழைந்திருக்கிறது. அரசு ஊழியர் பணியின்போது செய்தது பற்றிய புகார் என்றால், மேலதிகாரியிடம் அறிக்கை வாங்கி, அந்த ஊழியர் தரப்பையும் கேட்ட பிறகுதான் மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடலாம் என்கிறது. இது யாருக்கு வசதியான திருத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லத்தியால் உள்ளங்காலில் அடிப்பது எந்தப் பணி என்று வாதாடத்தான் வேண்டியிருக்கும்.

இன்னொன்று, உங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் வருகிறதா, திருவாரூர் மாவட்டத்திலா? வெண்ணாறு இரண்டிலும் ஓடுகிறது, அதனால்தான் கேட்கிறேன். தஞ்சாவூர் என்றால் ஹைகோர்ட்டுக்கு மதுரைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. நீடாமங்கலத்துக்காரர் ஒருவர் மதுரையில் வக்கீல் பிடித்து முன்பணமும் கொடுத்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தலைஞாயிறு தபால் எழுதியது:

வக்கீல் சார் சொல்வதெல்லாம் சரிதான், சட்டம் படித்தவர். ஆனால் அந்த ஊரில் அவரா குடியிருக்கப்போகிறார்? என் சித்தப்பா இதே மாதிரி எஸ்.பி. வரைக்கும் போனார். வந்தது என்ன? சம்பந்தப்பட்ட எஸ்.ஐ. ஆயுதப்படைக்கு மாற்றம் என்று பேப்பரில் வந்தது, எல்லோரும் கை தட்டினோம். பிறகு பார்த்தால் பக்கத்துச் சர்க்கிளில் அதே எஸ்.ஐ. அதே மீசையோடு வாகன சோதனையில் நிற்கிறார். சித்தப்பா மேல் நன்னடத்தை ஜாமீன் கேட்டு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் நிறுத்தினார்கள், ஒரு வருடத்துக்கு எந்தத் தப்பும் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது, தப்பே செய்யாத மனிதர். டீக்கடையில் உட்கார்ந்தாலும் "என்ன இங்கே" என்று கேட்பார்கள்.

கடை வைத்துப் பிழைக்கிற பையன். போனையும் வண்டியையும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் திருப்பூர் பக்கம் அனுப்பிவைத்துவிட்டு, பேச்சை விடுவது நல்லது. கோழைத்தனம் என்று யாராவது திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.

ரிட்டயர்டு ஏட்டு எழுதியது:

நான் அந்தப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். அதனால் என்னைத் திட்டலாம், பரவாயில்லை, ஆனால் உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கு உபயோகப்படும்.

கேபிள் திருட்டில் ஆதாயம் சின்னது, ஆனால் சத்தம் பெரிது. தண்ணீர் திறந்துவிட்ட சமயத்தில் போர் ஓடவில்லை என்றால் விவசாயி நேராக எம்.எல்.ஏ.விடம் போகிறார், எம்.எல்.ஏ. எஸ்.பி.க்குப் போன் போடுகிறார், எஸ்.பி. கிரைம் மீட்டிங்கில் இன்ஸ்பெக்டரை எல்லோர் முன்னாலும் நிற்க வைக்கிறார், இன்ஸ்பெக்டர் வந்து கிரைம் பார்ட்டியிடம் (திருட்டு வழக்குகளைப் பார்க்கும் காவலர் குழு) "நாளைக்குள் ரெக்கவரி காட்டு" என்கிறார். ரெக்கவரி, அதாவது திருட்டுப் பொருளைக் கைப்பற்றியதாகக் காட்டுவது, அதுதான் அங்கே மந்திரம். யார் எடுத்தது என்பது இரண்டாவது. எடுத்ததாக ஒருவன், எடைக்கு வாங்கியதாக ஒருவன், பத்துக் கிலோ காப்பர், மகஜர் (கைப்பற்றியதற்கு எழுதும் பதிவு), ரிமாண்டு, முடிந்தது. கைரேகை, டவர் லொகேஷன், பழைய இரும்புக் கடைக் கணக்கு என்று நாலு நாள் அலைந்தால் உண்மையான ஆளே கிடைப்பான். ஆனால் அந்த நாலு நாளை எவரும் கொடுப்பதில்லை. இருக்கிற ஆட்களில் பாதிப்பேர் பந்தோபஸ்து, மீதியில் பாதி கோர்ட் டூட்டி. அடித்ததற்கு நியாயமாக இதை நான் சொல்லவில்லை. அடிக்கிறவன் எங்கிருந்து தைரியம் எடுக்கிறான் என்று சொல்கிறேன். மேலே இருப்பவர் கேட்காமல் இருப்பதிலிருந்து எடுக்கிறான்.

மடப்புரம் கோயில் காவலாளி விஷயத்தில் என்ன நடந்தது? 2025 ஜூன். நகை காணோம் என்று புகார், வழக்குப் பதிவு செய்யும் முன்பே தனிப்படை கையில் ஒப்படைத்து, ஆள் செத்துப்போனான். யாரோ ஒளிந்துநின்று எடுத்த வீடியோ இல்லாவிட்டால் அதுவும் வலிப்பு என்றே முடிந்திருக்கும். அதற்கு அப்புறம்தான் முறையில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உங்கள் வீட்டுக்குச் சீருடை இல்லாமல் வந்தவர்கள் யார் என்ற கேள்வியை மனுவில் தனியாகக் கேளுங்கள், பதில் சொல்ல அவர்களுக்கு ரொம்பச் சிரமமான கேள்வி அது.

உபயோகமான விஷயம் ஒன்று. பொது நாட்குறிப்பில் பையன் பெயர் இருக்காது, எழுதியிருக்கவே மாட்டார்கள். ஆனால் அந்த ராத்திரி பாரா (காவல்) நின்றது யார், ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) யார், வெளியே போன வண்டி எது என்பதெல்லாம் வேறு வேறு புத்தகத்தில் இருக்கும். எல்லாப் புத்தகத்தையும் ஒரே ராத்திரியில் திருத்த முடியாது. அப்புறம், அவன் போன். சுவிட்ச் ஆஃப் ஆகும் வரைக்கும் அது எந்த டவரில் இருந்தது என்று கம்பெனிக்காரனிடம் இருக்கும். வீட்டில் இருந்து அந்த நம்பருக்கு எத்தனை முறை கூப்பிட்டீர்கள் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

தலைஞாயிறு தம்பி சொன்ன ஆயுதப்படை மாற்றம் பற்றி. அது தண்டனையே கிடையாது. எங்களுக்குப் பயம் வருவது இலாகா விசாரணையில், அதிலும் 3(பி) சார்ஜ் (பெரிய தண்டனை தரக்கூடிய குற்றச்சாட்டு) என்றால். இன்கிரிமென்ட், புரமோஷன், சில சமயம் வேலையே போகும். மாற்றம் என்று செய்தி வந்தவுடன் மனுதாரர் ஓய்ந்துவிடுவார் என்று தெரிந்துதான் மாற்றமே போடுகிறார்கள். அங்கேதான் ஓயக்கூடாது. 3(பி) போட்டீர்களா என்று எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பழையாறை எழுதியது:

ஏட்டையா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கையில் மாவுக்கட்டோடு நாலு பையன்கள் நிற்கிற போட்டோ வந்தால் "பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம்" என்று சிரித்து ஷேர் செய்கிறவர்கள் யார்? நாம்தான். என் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் ஒன்று வருகிறது, தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் கைதட்டல் போடுகிறார். வழுக்குகிற பாத்ரூம் ரவுடிக்கு மட்டும் என்று எவன் சொன்னான், காயில் கட்டுகிறவனுக்கும் அதே பாத்ரூம்தான். வெளியே கேட்கும் கைதட்டல் உள்ளேயும் கேட்கும்.

கீழையூர் அக்கா எழுதியது:

தம்பி, நான் நாகப்பட்டினம் பக்கம் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன். வக்கீலும் ஏட்டையாவும் சொல்லாத பக்கத்தைச் சொல்கிறேன். புகார் கொடுத்த அன்றைக்குப் போலீஸ் வராது. உங்கள் சொந்தக்காரர் வருவார். பெண்ணைக் கொடுத்தவர், பெண் எடுத்தவர், பஞ்சாயத்துத் தலைவர், கூட்டுறவு சங்கத்தில் கடன் கொடுக்கிறவர், இப்படி ஒவ்வொருவராக வந்து திண்ணையில் உட்காருவார்கள். யாரும் மிரட்டமாட்டார்கள், எல்லோரும் நல்லதுக்குத்தான் சொல்வார்கள். 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கூட்டிப்போனவர்கள் பல்லைப் பிடுங்கிய விவகாரம் எல்லோருக்கும் தெரியும், ஏ.எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள், அமுதா ஐ.ஏ.எஸ். விசாரித்தார், சி.பி.சி.ஐ.டி. வழக்கு வந்தது. ஆனால் ஆரம்பத்தில் சப்-கலெக்டர் விசாரணையில் பாதிக்கப்பட்டவர்களிலேயே சிலர் கீழே விழுந்து பல் போனது என்று சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வேளைக்கு அதே ஊரில்தானே அடுப்பு மூட்ட வேண்டும்.

அதனால் மனு போகும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். குறிப்பாக உங்கள் மாமியாரிடம். அவரைப் பயந்தவர் என்று ஒதுக்கிவைத்துவிட்டு நீங்கள் ஆண்கள் மட்டும் முடிவெடுத்தால், முதல் ஆள் திண்ணையில் உட்கார்ந்ததும் அவர்தான் அழுதுகொண்டே ஒத்துக்கொள்வார். சரியாக விளக்கினால் கடைசி வரைக்கும் நிற்கிறவரும் அவராகத்தான் இருப்பார். கம்மாபுரம் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டம், 1993. கூட்டிப்போன ராஜாக்கண்ணு வீட்டுக்கு வரவே இல்லை, தப்பி ஓடிவிட்டான் என்று ஸ்டேஷனில் கை விரித்தார்கள். அவர் மனைவிதான் சென்னை வரைக்கும் போய் ஆட்கொணர்வு மனு போட வைத்தார், வக்கீல் சந்துரு, பின்னால் நீதிபதி ஆனாரே, அவர் நடத்தினார். ஹைகோர்ட் தீர்ப்பு 2006இல் வந்தது. பணம், படிப்பு எதுவும் இல்லாத குடும்பம். தலைஞாயிறு தம்பி சொல்கிற பயம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டால் பயம் போய்விடும் என்று நினைப்பது தப்பு. அடுத்த கேபிள் வெட்டுக்கு முதலில் யாரைத் தூக்குவார்கள்? ஏற்கனவே அடித்து, வாயே திறக்காமல் போனவனைத்தான்.

உங்கள் குடும்பம் பட்டியல் சாதி என்றால் அதை மனுவில் எழுதுங்கள், சாதி சொல்லித் திட்டினார்களா என்றும் கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் விசாரணை டி.எஸ்.பி. அளவில்தான் நடக்க வேண்டும், நிவாரணமும் உண்டு. அப்புறம், வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்காதீர்கள். கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் சொல்வார்கள்.

வெண்ணாற்றுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவமனைக்குப் போய்விட்டோம். டியூட்டி டாக்டர் முதலில் "ஸ்டேஷன் விவகாரம் என்றால் மெமோ (போலீஸ் கடிதம்) வேண்டும்" என்றார். அடிபட்டு வந்தவனுக்கு அடித்தவரிடமே போய் மெமோ வாங்கி வா என்றால் எப்படி? நர்ஸ் அம்மா ஒருவர் உள்ளே போய் ஏதோ பேசினார், அதற்கு அப்புறம் ஏ.ஆர். போட்டார்கள். மணிக்கட்டில் மயிரிழை விரிசல் என்று எக்ஸ்ரேயில் வந்திருக்கிறது. அட்மிஷன் போட்டிருக்கிறார்கள். ஊர் திருவாரூர் மாவட்டம்தான், வக்கீல் சார்.

மாமியார் விஷயம் கீழையூர் அக்கா சொன்னதுபோலவே ஆனது. உட்கார்ந்து பேசினோம். அவர் கேட்டது ஒன்றுதான், "திரும்பவும் அழைத்துப்போனால் என்ன செய்வீர்கள்?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதோடு அந்த வெள்ளைத்தாள் கையெழுத்துதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது. மாமனாரை அனுப்பலாமா?

குடமுருட்டி எழுதியது:

நர்ஸ் அம்மாவுக்கு என் கும்பிடு. மெமோ இல்லாமல் ஏ.ஆர். போடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மாமனாரை அனுப்பாதீர்கள். சாட்சியாக விசாரிக்கத்தான் என்றால், 60 வயதுக்கு மேற்பட்டவரை, பெண்களை, 15 வயதுக்கு உட்பட்டவர்களை, உடல்நிலை சரியில்லாதவர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 179. பழைய சட்டத்தில் 65 என்று இருந்ததை 60 ஆக்கியிருக்கிறார்கள், இது ஒன்றாவது நமக்கு நல்லது. ஆள் விட்டுக் கூப்பிடுவது சம்மனே கிடையாது, எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள்.

வெள்ளைத்தாள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது, அது வெள்ளைக்காரன் காலத்து விதி, புதிய சாட்சியச் சட்டத்திலும் 23ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டையும் கூடவே இருக்கிறது. வாக்குமூலத்தின் பேரில் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஏட்டையா சொன்ன ரெக்கவரி மந்திரத்துக்கு வேர் இங்கேதான். அந்தத் தாளில் நாளைக்கு "காப்பரை இன்ன வாய்க்கால் புதரில் வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக்காட்டுகிறேன்" என்று எழுதி, புதரிலிருந்து காப்பர் எடுத்ததாக மகஜர் போடலாம். எனவே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை, எத்தனை தாள், பேனா மை என்ன நிறம் என்பது உட்பட, அவர்கள் எதையும் எழுதும் முன்பே மனுவில் பதிவு செய்துவிட வேண்டும். தேதி நம்முடையது முந்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் கேட்டதற்கு. திரும்பவும் அழைத்துப்போகும் வாய்ப்பு இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். முன்ஜாமீன் மனு ஒன்றைத் தயாராக வைக்கலாம். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றத்துக்கு முதலில் நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும், கைதுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொல்கிறது, திருட்டு அந்த வரம்புக்குள் வருவதுதான். கைது செய்தால் மெமோ எழுதி, குடும்பத்தில் ஒருவரோ ஊர்ப் பெரியவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இது 1996 டி.கே. பாசு தீர்ப்பு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும்போது மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும் "என்னை அடித்தார்கள்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கூட்டிவந்த காவலர் பக்கத்தில் நிற்பார், கஷ்டம்தான். ஆனால் சாத்தான்குளத்தில் டாக்டர் சான்று, ரிமாண்டு, கிளைச்சிறை என்று மூன்று வாசல் இருந்தும் ஒரு வாசலிலும் அவர்களைத் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. ராத்திரி மறுபடி வந்து கூட்டிப்போனால் அந்த நிமிடமே எஸ்.பி. அலுவலகத்துக்குத் தந்தி மாதிரி ஒரு மின்னஞ்சல், 100க்கு ஒரு அழைப்பு, எனக்கு ஒரு போன். விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மனு போடுங்கள், சென்னையில் இருக்கிறது, தபாலிலேயே அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். முன்பெல்லாம் ஆணையம் நஷ்டஈடு சொன்னால் அது வெறும் பரிந்துரை என்று அரசு கிடப்பில் போடும். 2021 பிப்ரவரியில் ஹைகோர்ட் முழு அமர்வு அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. நாளாகும், ஆனால் காவலர் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யச் சொல்லி வரும் உத்தரவுக்கு ஸ்டேஷனில் தனி மரியாதை உண்டு.

காவல்துறைப் புகார் ஆணையம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி நேரத்தை வீணடிக்காதீர்கள். 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்றது. 2013இல் நம் மாநிலம் சட்டம் போட்டது, மாவட்ட அளவில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி. மேல் எஸ்.பி.யிடமே புகார். எந்த ஆட்சி வந்தாலும் இதை மட்டும் மாற்ற அவசரம் வருவதில்லை.

தலைஞாயிறு தபால் எழுதியது:

நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் விரிசல் வந்திருக்கிறது என்றால் கதை வேறு. ஒன்று மட்டும், ஊர்ப் பெரிய மனிதர் கொண்டுவரும் எந்த வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். என் சித்தப்பா "சமாதானமாகப் போகிறோம்" என்று ஒன்றில் போட்டார், ஆர்.டி.ஓ. முன்னால் அதைத்தான் எடுத்து நீட்டினார்கள்.

வெண்ணாற்றுக்காரன் எழுதியது:

மனு மூன்று இடத்துக்கும் போய்விட்டது, எஸ்.பி.க்குப் போனதற்கு ஒப்புகையும் வந்துவிட்டது. அது சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலமே ஒரு காவலர் மருத்துவமனைக்கே வந்து போனைக் கொடுத்துவிட்டுப் போனார், பெரிய மனிதர் இல்லாமலே. வண்டி மட்டும் இன்னும் வரவில்லை. மச்சினன் போனை ஆன் செய்யட்டுமா என்று கேட்கிறான்.

குடமுருட்டி எழுதியது:

வேண்டாம். எந்தக் காவலர், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் கொடுத்தார் என்று வாங்கியவரே ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள், பக்கத்துப் படுக்கைக்காரர் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. போனை ஒரு கவரில் போட்டு ஒட்டி வையுங்கள், திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரும்போது எடுத்து வாருங்கள். வண்டிக்குத் தனி மனு போடுவோம், ஆர்.சி. புத்தக நகல் வேண்டும்.